ஆயிரம் அணுக்களும் அப்பாவின் கையெழுத்தும்

இங்கிலாந்து
12-11-1986

அன்புள்ள அப்பாவுக்கு, வாலாம்பாள் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். கோச்சடையில் நீங்களும் அண்ணாவும் சௌக்கியமா?

நேற்று பேராசிரியர்கள் முன்னால் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினேன். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யமோ ஒன்றோதான் இருக்கும். ஓர் அணுவில் இரண்டையும் சேர்த்தே வைத்துக் கணக்குப் போடலாம், பல அணுக்கள் சேர்ந்தால் இன்று முடியாத கணக்குகளும் முடியலாம் என்றேன்.

“லேசாகச் சூடு பட்டாலே அந்தச் சேர்க்கை கலைந்துவிடுமே, ஆயிரம் அணுக்களை எப்படிக் காப்பாற்றுவாய்?” என்றார் ஒருவர்.

“தெரியவில்லை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதற்கு ஒரு வழி சொல்லாமல் பட்டம் கிடையாதாம். இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

“எப்போடி வரே?” என்று கேட்டிருந்தீர்கள். அம்மா போனபோதும் நான் பக்கத்தில் இல்லை. தையில் அவளுடைய முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்துக்கும் வர முடியாது. மன்னித்துவிடுங்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அண்ணாவை அனுப்பச் சொல்லுங்கள். போன இரண்டு கடிதங்களும் அண்ணாவின் கையெழுத்தில் இருந்தன. உங்களுக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டதா? தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது, முடிக்கிறேன். அடுத்ததில் நாலு வார்த்தையாவது நீங்களே எழுதுங்கள், அப்பா. எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

வாலா