உப்பு இருக்கும் இடம்

மார்ச் 3, திங்கள்

உப்பை எடுத்து ஷாம்பூவுக்குப் பின்னால் வைத்தேன். கடையில் என் வேலையே இதுதான். எல்லோருக்கும் கட்டாயம் வேண்டிய பொருளை வாராவாரம் யாரும் நினைக்காத இடத்துக்கு மாற்ற வேண்டும். உப்பு தேடி வருபவர் கடை முழுக்க நடப்பார், நடந்தால் நாலு பொருள் கண்ணில் படும், கண்ணில் பட்டது கூடையில் விழும். மேலாளர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் போலச் சொல்வார். மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொல்லியிருக்கிறார். இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டு ஆட்களிடம்கூட. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. சமையல் என் கணவர் பொறுப்பு, தையல் கடையை மூடிவிட்டு எனக்கு முன்னால் வந்துவிடுவார். எங்கள் கடைக்கே உப்பு வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குடை, வாழைப்பழம் வைப்பதற்கென்றே செய்த டப்பா, நாய் பிஸ்கட். எங்களிடம் நாய் இல்லை.

"உப்பு எங்க?" என்றேன்.

"அதை நான்ல கேக்கணும். எங்க வெச்சிருக்க?"

"சொல்லக் கூடாது."

"கட்டின புருஷன்கிட்டயேவா?" தட்டை ணங்கென்று வைத்தார். "சரி. நானா கண்டுபிடிக்கிற வரைக்கும் இந்த வீட்ல உப்பு கிடையாது. நீயும் வாங்கிட்டு வரக் கூடாது."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

உப்பில்லாத பருப்பு.

மார்ச் 7, வெள்ளி

உப்பில்லாத உருளைக்கிழங்கு. மதியம் கடைக் கிடங்கில் ஒளிந்து நின்று ஒரு பாக்கெட் சிப்ஸ் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை.

"முன்னெல்லாம் கடைக்கு வெளிய நின்னு ஒரு உப்புன்னா போதும், எடுத்துக் குடுப்பாங்க. இப்ப நானே உள்ள போயி, நானே தேடி, நானே சுமந்துட்டு வரணுமாம். நான் என்ன அங்க வேலையா பாக்குறேன்?"

"அந்தக் கடைக்காரர் தராசுல விரலையும் சேத்து வெச்சுத்தான் எடை போடுவாரு. மாவுல வண்டு ஓடும். இப்ப பாருங்க, உப்புலயே ரோஸ் உப்பு, கறுப்பு உப்பு, புகை போட்ட உப்பு, உப்பு கம்மியான உப்பு…"

"இத்தனை இருக்கு. வீட்ல ஒண்ணு இருக்கா?"

கோபம் கோபமாக வந்தது, அதிலும் அவர் சொன்னது சரி என்பதால்.

மார்ச் 10, திங்கள்

இடம் மாற்றும் நாள். காலையில் இருந்து யோசித்து, உப்பை ஊசி, நூல், பொத்தான் இருக்கும் மூலையில் வைத்தேன். தையல்காரர் கடைக்குள் நுழைந்தால் முதலில் எங்கே போவார்? இது இடத்தைச் சொன்னதாக ஆகுமா? ஆகாது. நான் வாயே திறக்கவில்லை. உப்பு எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்.

இன்று ருசியாகச் சாப்பிடப் போகிறேன்.

(பிறகு) உப்பில்லாத முட்டை.

மார்ச் 13, வியாழன்

தினமும் சாயங்காலம் வருகிறார், ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்க்கிறார். இன்று ஒரு அம்மா சர்க்கரை கிடைக்காமல் அழாத குறையாக நின்றார். "டயர் பாலிஷ் பக்கத்துல, கீழ்த் தட்டுலம்மா" என்று இவர் சட்டென்று சொன்னார். உப்பைத் தவிர கடையில் எல்லாம் எங்கே இருக்கிறது என்று இவருக்கு அத்துப்படி. நூல் மூலையை மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த மனுஷனுக்குக் கண்ணு பொடனிலயா இருக்கு?

மார்ச் 17, திங்கள்

உப்பை மாற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவை.

"உப்பு அங்கயே இருக்கே?" என்றார் மேலாளர்.

"கீழ்த் தட்டுலேர்ந்து மேல் தட்டுக்கு மாத்திட்டேன் சார். இது மேல்நோக்கிய மாற்றம்."

ஆழமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மேல் தட்டு என் கணவர் கண் உயரம். எனக்கு வேலையும் வேண்டும், வீட்டில் உப்பும் வேண்டும். பேராசையா?

மார்ச் 20, வியாழன்

தலை சுற்றுகிறது. இவர் வாசலில் கடைத் தள்ளுவண்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்பக்கம் நிற்கிறார். வெளியே நீள வரிசை. "ஒரு சோப்பு", "ஆறு முட்டை" என்று அவரவர் சொல்ல, இவர் ஓடிப்போய் எடுத்து வருகிறார். "சீக்கிரம் எடுப்பா" என்று ஒருவர் அதட்டவும் செய்தார். யாரும் உள்ளே நடக்கவில்லை. நடக்காததால் குடை போகவில்லை, நாய் பிஸ்கட் போகவில்லை.

"என் வேலைக்கே வேட்டு வெக்கிறீங்க!" என்றேன்.

"நான் உப்பு தேடி வந்தவன். அவங்க கேக்குறாங்க, எடுத்துக் குடுக்காம எப்படி?"

மேலாளர் விடுப்பில் இருக்கிறார். திங்களன்று வருவார். வேலை போயிற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பயமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

இன்றும் வாசலில் இவர், வெளியே அதே வரிசை. மேலாளர் தனியாக வரவில்லை, தலைமை அலுவலகப் பெரியவரோடு வந்தார். பெரியவர் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது யார் யோசனை?"

மேலாளர் விரல் என்னைக் காட்டியது.

"வாடிக்கையாளர் ஒரு அடிகூட நடக்க வேண்டாம்! அடடா, இதுவரைக்கும் யாருக்குமே தோணலையே!"

"நானும் இவங்களும் சேந்து யோசிச்சது சார்" என்றார் மேலாளர், நீட்டிய விரலை மடக்காமலே.

பெரியவர் வண்டிகளுக்கு முன்னால் போய் நின்று, "எங்க, ஒரு உப்பு குடுங்க பாப்போம்" என்றார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வரிசையே என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தால் போட்ட கையெழுத்து போச்சு, திறக்காவிட்டால் எல்லாமே போச்சு. பக்கத்தில் போனேன். இவர் சட்டைத் தோளில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு ஒன்றை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய் உப்போடு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நூல் பக்கத்துலயா வெச்ச?" என்றார்.

"நீங்க மொதல்ல அங்கதான் போவீங்கன்னு நெனச்சேன்."

"நாள் பூரா நூலைப் பாத்துட்டு வரேன். வெளிய வந்தும் நூலையா பாப்பேன்?" அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "எப்பலேர்ந்து அங்க இருக்கு?"

"பத்தாம் தேதிலேர்ந்து."

"ரெண்டு வாரமா மாத்தவே இல்லையா?"

"இல்ல."

பருப்பைக் கிண்டினார். உப்பு போடவில்லை. நான் காட்டிக் கொடுத்தது கணக்கில் வராதாம். அவராகக் கண்டுபிடிக்கவில்லையாம்! இந்த வீம்பை எங்கே போய்ச் சொல்ல?

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலை நிரந்தரம். முட்டாள்கள் தினம் என்பதால் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவர் தன் தையல் இயந்திரத்துக்கே திரும்பிவிட்டார். அவர் நின்ற இடத்தில் நீள மேசை போடுகிறார்கள். அதற்குப் பின்னால் நான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எங்கள் கடை எல்லாக் கிளைகளுக்கும் முன்மாதிரியாம். நேற்றிலிருந்து இன்னொரு புதுமை: உப்பை மூட்டையில் இருந்து அள்ளி, எடை போட்டு, காகிதத்தில் மடித்து, நூல் சுற்றிக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பெரியவருக்கு உதித்த யோசனை. எடை போடும்போது என் விரல் ஒரு தடவை தராசில் பட்டுவிட்டது. தெரியாமல்தான்.

சாயங்காலம் வரிசையில் இவர் நின்றார். முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு உப்பு குடு."

எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். இப்படிக் கேட்டு வாங்கினால் கணக்கில் வருமாம்.

பருப்பில் ஒரேயடியாக உப்பைக் கொட்டிவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.