வழக்குக் குட்டியின் வைத்தியச் செலவு

24-4-1987, வெள்ளி. இராஜபாளையம்.

1. சு. வேலுசாமி ஆகிய நான், வயது நாற்பத்தாறு, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்; இராஜபாளையத்தில் மனைவி பரிபூரணத்துடன் வசிப்பவன்.

2. மலைச்சாமிக்கும் காளிராஜுக்கும் இடையிலான வழக்கில் மாவட்ட முன்சீப் அவர்கள் இன்று என்னை ரிசீவராக, அதாவது தீர்ப்பு வரும்வரை வழக்குச் சொத்தைக் காப்பவராக, நியமித்தார்கள். என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட சொத்து: ஏழு வார வயதுள்ள ஆண் நாய்க்குட்டி ஒன்று. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு.

3. நீதிமன்றத்திற்குரிய அறிக்கை தனியே போகும். அதில் எழுதத் தகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது. தாய் நாய், சேத்தூர் மலைச்சாமியுடையது. தகப்பன் நாய், பேண்டேஜ் துணித் தறிகள் வைத்திருக்கும் காளிராஜுடையது. இணை சேர்த்ததற்குக் காளிராஜுக்குக் கூலி ‘மொதக் குட்டி’ என்று வாய்ப்பேச்சு. முதலில் பிறந்த குட்டி என்கிறார் மலைச்சாமி. தாம் முதலில் தேர்ந்தெடுக்கும் குட்டி என்கிறார் காளிராஜ். முதலில் பிறந்ததற்குக் காதில் கறுப்புப் புள்ளி. காளிராஜ் கேட்கும் இந்தக் குட்டிக்கு ஒரு புள்ளியும் இல்லை. காளிராஜ் வாதி, மலைச்சாமி பிரதிவாதி. இருவரில் யார் கையில் கொடுத்தாலும் குட்டி ஊரைவிட்டே போய்விடும் என்று நீதிபதி கருதினார். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் விசாரணை.

உத்தரவின் வாசகம்: ‘விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டியது.’ நான் இதுவரை நாய் வளர்த்ததில்லை.

27-4-1987, திங்கள்.

காலையில் மலைச்சாமி ஆட்டுப்பாலோடு வந்தார். மாலையில் காளிராஜ் முட்டையோடு வந்தார். “எங்குட்டி மெலிஞ்சு போச்சே, என்ன குடுக்கீக?” என்றார் முன்னவர். “எங்குட்டிக்குக் காத்தோட்டமே இல்லியே சார்” என்றார் பின்னவர். என் குமாஸ்தா பால்பாண்டி, “சார், நம்ம கட்சிக்காரங்க வாய்தாவுக்குக்கூட இம்புட்டு ஒழுங்கா வந்ததில்ல” என்றான்.

30-4-1987, வியாழன்.

குட்டிக்குப் பெயர் வைக்க வேண்டாமென்று பரிபூரணத்திடம் சொன்னேன். பெயரிடுவது உரிமை கொண்டாடும் செயலாகக் கொள்ளப்படலாம்.

“அப்ப எப்படிக் கூப்பிட? வழக்கு நம்பரச் சொல்லிக் கூப்பிடவா?”

மாலையில் அவ்வாறே கூப்பிட்டாள். அது ஓடி வந்தது.

4-5-1987, திங்கள்.

குட்டி பாலைத் தொடவில்லை. இருமுறை வாந்தி.

5-5-1987, செவ்வாய்.

விடியும்போது கழிச்சல். ரத்தம். கூடத்துத் தரையெல்லாம் ஒரு நாற்றம் — இன்னதென்று எழுத இயலாது. தென்காசி சாலையில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருக்கும் கால்நடை டாக்டர் சேக் முகைதீனிடம் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

“பார்வோ,” என்றார். “இந்தப் பக்கம் அஞ்சாறு வருஷமாத்தான் பாக்கேன். சின்னக் குட்டியள ரெண்டு மூணு நாள்ல கொண்டு போயிரும். குளுக்கோஸ் ஏத்திக்கிட்டே இருக்கணும். ஊசி மதுரையிலருந்து ஐஸ்ல வச்சு வரணும். செலவு ஆகும் சார். மொதல்லயே சொல்லிருதேன்.” பேனாவைத் திறந்து, “ஓனர் பேரு?” என்றார்.

“இன்னும் தீர்ப்பாகவில்லை.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “பில்லு யாரு பேருக்கு?”

என் பெயருக்கே போடும்படியும், பக்கத்தில் ‘ரிசீவர்’ என்று சேர்க்கும்படியும் கேட்டுக்கொண்டேன். சேர்த்தார். அதனால் தொகை குறையவில்லை.

6-5-1987, புதன்.

வழக்குரையில் குட்டியின் மதிப்பு ஐந்நூறு ரூபாய். நேற்றும் இன்றும் ஆன செலவே முந்நூறை நெருங்குகிறது. மதுரை ஊசி ஒன்று நூற்றைம்பது. இன்னும் மூன்று வேண்டும். விடுமுறையில் எனக்கு வரும்படி கிடையாது. நீதிமன்றம் திறக்காமல் செலவுக்கு உத்தரவும் பெற முடியாது. ஆகவே கட்சிக்காரர்களையே நேரில் கேட்பதென்று முடிவு செய்தேன்.

சேத்தூர் பஸ் பிடித்துப் போனேன். மலைச்சாமி தொழுவத்தில் நின்றபடியே பேசினார். “வக்கீலய்யா, அது தன் குட்டின்னு காளிராஜ்தான கேஸ் போட்டிருக்காரு? அவரே பாக்கட்டும்.”

“உங்கள் குட்டி என்று நீங்களும் எதிருரை தாக்கல் செய்திருக்கிறீர்கள்.”

“அது வாஸ்தவந்தான். ஆனா எங்க வக்கீலு சொல்லிட்டுப் போயிருக்காரு — ஒத்தப் பைசா குடுக்காதீரு, குடுத்தா அம்புட்டுப் பொறுப்பும் ஒம்ம தலையிலன்னு. அவிய சொல்ல மீற முடியுமா?”

பிறகு காளிராஜின் தறிக்கூடம். இரைச்சலில் நான் கத்த வேண்டியிருந்தது. வழக்கத்தில் நான் கத்துவதில்லை.

“பெறந்தது அவன் தொழுவத்துல. நோயும் அங்கனதான் ஒட்டியிருக்கும். நான் எதுக்குக் குடுக்கணும்?”

“உங்களுடையது என்று கோரியிருக்கிறீர்களே!”

“தீர்ப்பு வந்தாத்தான சார் எங்குட்டி?”

சட்டப்படி இருவர் நிலையிலும் பிழை காண முடியாது. என்னிடம் வந்திருந்தால் நானும் இதே ஆலோசனையைத்தான் சொல்லியிருப்பேன். திரும்பும்போது பஸ்ஸில் தோன்றியது: பிழைத்தால் குட்டி அவர்களுடையது. செத்தால் என்னுடையது. கவனக்குறைவு என்று இருவருமே என்மேல் மனுப் போடுவார்கள். போடட்டும்.

7-5-1987, வியாழன்.

தீர்ப்புத் தொகுப்புப் புத்தகங்களின் தவணைக்கென்று எடுத்து வைத்த பணத்தை இன்று எடுத்துவிட்டேன். எடுக்குமுன் நெடுநேரம் யோசித்தேன். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் செலவிடுபவர் விவேகமுள்ளவரா? செலவிடாமல் சாகவிடுபவர்? இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலும்.

குட்டியின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த பரிபூரணம் வெடித்தாள். குளுக்கோஸ் பாட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கியது. “அந்த விவேகி இப்ப எங்க இருக்காரு? அவர வரச் சொல்லுங்க. வந்து இந்தக் காலச் செத்த நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும். எனக்குக் கை வலிக்கி.”

நான் பிடித்துக்கொண்டேன். கால் என் சுண்டு விரல் பருமன்கூட இல்லை. சூடே இல்லை.

8-5-1987, வெள்ளி.

மதுரையிலிருந்து ஊசி வர வேண்டிய பஸ், வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. பால்பாண்டி பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தான். கண்டக்டர் கொடுத்த டப்பாவில் ஐஸ் முழுதும் உருகி, மருந்து வெந்நீர் போல் இருந்தது. டாக்டர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். போட மாட்டேன் என்றார். மதுரைக் கடையில் வேறு இருப்பு இல்லையாம்.

குட்டி தலையைத் தூக்கவில்லை. என்ன செய்ய? யாரைக் கேட்க? எந்தக் கோர்ட்ல போய் நிக்க?

டாக்டர்தான் கேட்டார்: “இதோட தாய்க்கு இந்த நோயி வந்திருக்கா?”

போன வருடம் வந்து பிழைத்ததாக மலைச்சாமி முன்பு பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

“அப்ப அது ரத்தத்துல எதிர்ப்பு இருக்கும். கொஞ்சம் எடுத்துக் குட்டிக்கு ஏத்திப் பாக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைக் காலையிலயே வேணும். அதுக்குப் பொறவுன்னா எங்கிட்ட வராதீங்க.”

9-5-1987, சனி.

முதல் பஸ்ஸில் பால்பாண்டியுடன் சேத்தூர்.

மலைச்சாமி கேட்டுவிட்டுத் தாயின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். “தூக்கிட்டு ஓடிவரத்தான் மனசு அடிக்கி. ஆனா நான் நாயக் கொண்டாந்தா, நோயி எங்க வீட்டுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா? எங்க வக்கீலும் ஊட்டிக்குப் போயிட்டாரே.”

வேறொருவரின் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது முறையன்று. ரிசீவர் என்ற நிலையில் நானே கேட்டுக்கொள்வதாக அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினேன்: ‘பிரதிவாதி தமது உரிமைக்குப் பாதகமின்றித் தாய் நாயைக் கொண்டு வருகிறார்.’ தொழிலில் தினமும் எழுதும் வாசகம். பால்பாண்டி வாசித்துக் காட்டினான்.

மலைச்சாமியின் முகம் மாறிவிட்டது. “பாதகமா? நான் யாருக்கு என்ன பாதகம் செஞ்சேன்? பச்சக் குட்டிக்கு ரத்தம் குடுக்க வாரவன் பாதகனா?”

“இன்றி, பாதகம் இன்றி” என்றேன்.

“இன்றியோ பன்றியோ, அந்தச் சொல்லு எம்பேருக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது. கோர்ட்டுல நாலு பேரு வாசிப்பான்.”

பஸ் வளைவில் ஹாரன் கேட்கிறது. இருபது ஆண்டுகளாக எழுதிய வாசகத்தை அடித்தேன். ‘இதனால் யாருக்கும் உரிமை கூடாது, குறையாது’ என்று எழுதினேன். ‘கூடாது’ என்பதற்கு இரு பொருள் வரும், அதையும் அடித்தேன். ‘நாயைக் கொண்டு வருவதால் யாருடைய உரிமையும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.’ மலைச்சாமி கைநாட்டு வைத்துவிட்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கண்டக்டர் நாய்க்கும் டிக்கெட் கேட்டார். எடுத்தேன்.

மருத்துவமனை வாசலில் காளிராஜின் மோட்டார் பைக் நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். “நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்லுவான் தெரியுமா? எங்க நாயி ரத்தந்தான் அது ஒடம்புல ஓடுது, குட்டி எனக்குத்தான்னு நிப்பான். நான் இதுக்கு ஒத்துக்கிட மாட்டேன்” என்றார் காளிராஜ்.

காகிதத்தை நீட்டினேன். நின்ற இடத்திலேயே இருமுறை படித்தார். உள்ளே மேசையில் தாய் நாய் அசையாமல் படுத்திருந்தது. மலைச்சாமி அதன் கண்ணைத் தம் துண்டால் மூடிக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார். ஊசி ஏறியபோது நாய் சிணுங்கவில்லை; அவர்தான் சிணுங்கினார். காளிராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரத்தம் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கையில் என்னை வெளியே கூப்பிட்டார். “அவன் நாயக் குடுத்துட்டு நிக்கான். நான் கையக் கட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு? வைத்தியச் செலவுல பாதி நான் தாரேன். ஆனா எனக்கும் அதே மாதிரி ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.”

கதவுக்குப் பின்னிருந்து மலைச்சாமியின் குரல்: “மிச்சப் பாதி குடுக்க எனக்கு வக்கில்லைன்னு நெனச்சீராக்கும்? மாங்காய்ப் பணம் வரட்டும், நான் குடுக்கேன். எனக்கும் சீட்டு வேணும்.”

“பாதகம்னு எழுதிராதீக சார், அண்ணாச்சிக்கு ஆகாது” என்றான் பால்பாண்டி. யாரும் சிரிக்கவில்லை. குட்டி கண்ணைத் திறக்கவில்லை.

10-5-1987, ஞாயிறு.

கிடந்தபடியே கிடக்கிறது. மூச்சு இருக்கிறது. எழுத வேறொன்றுமில்லை.

11-5-1987, திங்கள்.

மதியம் எழுந்து நின்றது. விழுந்தது. மறுபடியும் நின்றது. தண்ணீர் குடித்தது, வெளியே வரவில்லை. பரிபூரணம் அடுப்படியில் போய் நின்றுகொண்டு நெடுநேரம் வரவில்லை. நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

19-5-1987, செவ்வாய்.

ஆட்டுப்பாலும் முட்டையும் மறுபடி வரத் தொடங்கிவிட்டன. இன்று இருவரும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் கொடுப்பது என்று வாசலில் சண்டை. “எங்குட்டிக்கு இப்ப முட்ட செரிக்காதுய்யா!” “எங்குட்டிக்கு எது செரிக்கும்னு எனக்குத் தெரியும்ல!” இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டரின் உத்தரவுப்படி அரிசிக்கஞ்சி கொடுத்தேன்.

தீர்ப்புத் தொகுப்புக் கம்பெனிக்குத் தவணை தாமதமாகும் என்று கடிதம் எழுதினேன்.

8-6-1987, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்.

விசாரணை நடக்கவில்லை. இருவரும் சமரச மனு கொடுத்துவிட்டார்கள். முன்மொழிந்தவர் காளிராஜ் என்பதை என்னால் முதலில் நம்ப முடியவில்லை. வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “குட்டி தாய்கிட்டயே போகட்டும் சார். அன்னைக்குத் தாய மேசையில பாத்த பொறவு, எங்குட்டின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அடுத்த ஈத்துல நான் கையக் காட்டுற குட்டி எனக்கு. அத அப்படியே எழுதச் சொல்லுங்க. மொதக் குட்டின்னு எழுதிராதீக.”

வைத்தியச் செலவு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் ஐம்பது பைசா; இருவரும் சரிபாதி எனக்குத் தர வேண்டியது என்று பதிவாயிற்று. நீதிபதி பில்களைப் புரட்டிவிட்டு, “குட்டி விலைக்கு மேலே போயிருக்கிறதே” என்றார். “ஆம்” என்றேன்.

10-6-1987, புதன். இராஜபாளையம்.

குட்டியை மலைச்சாமியிடம் ஒப்படைத்து ரசீது பெற்றேன்: ‘ஆண் நாய்க்குட்டி ஒன்று, நல்ல நிலையில்.’ கையில் வாங்கியவர் அதன் கழுத்தைப் பார்த்தார்.

“இந்தச் செவப்பு வாரு யாருதய்யா? கழட்டித் தரவா?”

“அது குட்டியுடையது” என்றேன்.

சட்டத்தில் அப்படியொரு உரிமை கிடையாது என்பதை நான் அறிவேன். திங்களன்று நீதிமன்றத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் வாங்கியது. விலை பதினெட்டு ரூபாய். செலவுக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. சொத்தின் பராமரிப்புக்கு இன்றியமையாதது என்று என்னால் பிரமாணம் செய்ய இயலாது.

குட்டி போன பிறகு இதை எழுதிக்கொண்டிருந்தபோது பரிபூரணம் பின்னால் நின்று வாசித்துவிட்டாள். “எல்லாத்துக்கும் சாட்சி வேணும்பீகளே, இதுக்கு வேண்டாமா?” என்று பேனாவைப் பிடுங்கினாள். வாசலில் நின்ற பால்பாண்டியையும் கூப்பிட்டாள்.

மேலே கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) சு. வேலுசாமி

சாட்சிகள்:
1. வே. பரிபூரணம்
2. மு. பால்பாண்டி, குமாஸ்தா