உன் அடக்கத்தன்று திறந்துகிடந்த துளை

கீழவைப்பாரில் இன்று காலை மறுபடி தூணுக்குத் துளையிடத் தொடங்கினார்கள். இயந்திரம் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுவந்து கொட்டிய பச்சைக் களிமண்ணின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ பாதியில் விட்டுப்போன புயல் பாதுகாப்புக் கட்டடத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். உன் நாற்காலியில் உட்கார இன்னும் மனம் ஒப்பவில்லை.

துறைமுகக் கிடங்கு வேலையில் நாம் சேர்ந்திருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? மாதா கோயில் தேருக்குப் போன ஆட்கள் திரும்பிவந்து, மண்ணுக்குள் கான்கிரீட் தூண் வார்க்கத் தோண்டி, திறந்தபடி விட்டுப்போன துளையைக் காட்டி, "பாருங்கக்கா, ஒரு பொட்டு மண்ணு சரியல" என்றார்கள். கெட்டிக் களிமண் அப்படித்தான், சரியாமல் நிற்கும். நீ நீளக் கம்பியால் துளையின் சுவரைச் சுரண்டி எடுத்தாய். விரலில் வெண்ணெய்போல் வழுக்கியது.

"ஏலே, தூணத் தாங்குதது அடிமண்ணு மட்டுமில்ல, சுத்தி இருக்க மண்ணோட பிடிதான். தொறந்து போட்டா தண்ணி ஊறி அந்தப் பிடி போயிரும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். சுற்றிலும் மறுபடி செதுக்கிய பிறகுதான் கான்கிரீட் ஊற்ற விட்டாய். மேலாளர் கத்தினார். நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் ஃபோர்மேன் அண்ணாச்சி உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ள போன சேதி வந்ததும் போட்டது போட்டபடி வேன் பிடிச்சி அது ஊரு நாசரேத்துக்கு வந்துட்டோம்லா. அடக்கம் முடிஞ்சி மறுநாளும் ஒருத்தனுக்கும் வேல ஓடல."

எனக்குக் கண் கலங்கியது. பிறகுதான் அந்தத் துறைமுகத் துளை நினைவுக்கு வந்தது. "அன்னைக்குத் தொளை ஏதும் தொறந்து கெடந்துச்சா அண்ணாச்சி?"

"கடலோரத்து மூலையில ஒண்ணு. வந்து ஊத்திட்டோம். சொவரு நல்லாத்தான் நின்னுச்சி."

"மறுபடி செதுக்குனீங்களா?"

அவர் கடலோரத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தூணின்மேல் சுமை ஏற்றிச் சோதிக்கச் சொன்னேன். அதன் பிறகு ஆட்கள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. "அக்காவுக்காவல்லா வேலைய நிறுத்துனோம்" என்று ஒருவன் என் காதுபடச் சொன்னான். நேற்று, தாங்கவேண்டிய சுமையில் பாதியைத் தாண்டியதும் தூண் இறங்கத் தொடங்கியது. விரிசல் இல்லை, சத்தம் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. புயலன்று ஊர்ச்சனம் பிள்ளைகுட்டிகளோடு வந்து ஒதுங்கப்போகிற மூலை அது.

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாங்க வந்தது தப்பா மேடம்?"

"வந்தது தப்பில்ல அண்ணாச்சி" என்றேன்.

அந்தத் தூணைக் கைவிட்டு இரு பக்கமும் புதிதாகப் போடுகிறோம். இன்று கான்கிரீட் வண்டி வரும்வரை ஒருவரும் துளையை விட்டுச் சாப்பிட நகரவில்லை.

உன்மேல் வைத்த அன்பால் ஒரு தூண் கெட்டது என்பதை வேறு யாரிடம் சொல்வேன்? இனி யார் வீட்டுச் சாவுச் சேதி வந்தாலும், துளை எதுவும் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். கல்நெஞ்சுக்காரி என்பார்கள், சொல்லட்டும். உன் அடக்கத்தன்று அதை யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ பெட்டிக்குள் இருந்தாய்.