மாஸ்டர் சிலையும் என் கையெழுத்தும்

1 ஜூன் 2025, ஞாயிறு

காலையில் தண்ணீர் வந்தது. டிரம்மை நிரப்பிவிட்டு, வாரத் துணியை ஊறவைத்துவிட்டுத்தான் போனைப் பார்த்தேன். எங்கள் பழைய ஹாக்கி டீம் குரூப்பில் லவினாவின் வீடியோ. இருபது வருடத்துக்கு மேல் எங்களில் யாரோடும் பேசாமல் இருந்தவள். பங்காருபேட்டையில் தன் வீட்டு வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதினாறு வயசுல முட்டியில அடி. வலி தெரியாம இருக்க நம்ம கோச்சு ராஜப்பா மாஸ்டர் ஊசி போட்டு ஆட வச்சாரு. ஒரு தடவ இல்ல, பல தடவ. இப்ப முட்டியையே மாத்தணும்ன்றாங்க. அவருக்கு சிலை, எனக்கு இது."

என் பேரைச் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன்.

4 ஜூன்

டீமில் இன்னும் இரண்டு பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர்வரை இதே பேச்சு. தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

8 ஜூன், ஞாயிறு

தாமோதரன் அண்ணன் வந்தார். மாஸ்டரின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். மாஸ்டர் இறந்த பிறகு எங்கள் ஊர் ஸ்கெலட்டன் கிரவுண்டு முனையில் சிலை வைத்தது அந்தச் சங்கம்தான். திறந்த அன்று முதல் மாலை போட்டது நான்.

"சிலைய எடுக்கணும்னு நகரசபையில மனு குடுத்துகீறாங்கம்மா. பதினாறாம் தேதி விசாரண. மாஸ்டர் யாருக்கும் ஊசியே போட்டதில்லன்னு எழுதிகீறோம். நீ கேப்டன். உன் கையெழுத்துதான் வெயிட்டு."

படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் போனதும் என் கணவர் கௌதமன் கேட்டார்: "போட்டாரா, இல்லையா?"

"போட்டாரு."

"அப்பறம் படிக்கறதுக்கு இன்னா கீது?"

இவருக்கு எல்லாம் சுலபம்.

9 ஜூன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

1998, மைசூரு, ஃபைனல். இடைவேளை. லவினாவின் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டிரஸ்ஸிங் ரூமில் மாஸ்டர், அவள், நான், மூன்றே பேர். "வேணாக்கா" என்றாள் என்னைப் பார்த்து. மாஸ்டரைப் பார்த்து அல்ல. நான் அவள் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோடி" என்றேன். ஊசி இறங்கியது. கடைசி நிமிடத்தில் அவள் அடித்த கோலில் ஜெயித்தோம். அடுத்த வருடம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு வேலை கிடைத்தது. லவினா அந்த ஃபைனலுக்குப் பிறகு ஆடவே இல்லை.

மாஸ்டர் கெட்டவரா? தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று எங்கள் அப்பாக்கள் எல்லாரும் பேச்சற்றுப் போயிருந்த காலம். "ஜெயிங்க, வேலைக்குப் போங்க, இங்கேர்ந்து தப்பிச்சிடுங்க" என்பார். தன் வீட்டு முட்டையை அவித்து எடுத்துவந்து எங்களுக்குக் கொடுப்பார். அதுவும் அவர்தான். ஊசியும் அவர்தான்.

பிடித்தது நான்.

11 ஜூன்

மாஸ்டரின் மனைவி சரோஜம்மா ஆள் அனுப்பியிருந்தார். போனேன். சேர் போடச் சொன்னார்.

"நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும் கயலு. உங்களயெல்லாம் பெத்த பொண்ணாட்டம் பாத்துக்கிட்டாரு."

"பாத்துக்கிட்டாரும்மா. ஊசியும் போட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த விசிறியை மடியில் வைத்தார்.

"அந்த மருந்து எங்க வீட்லதான் கெடந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கல. இப்ப அத நீ எல்லார் முன்னாடியும் சொல்லித்தான் ஆவணுமா?"

எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை.

12 ஜூன்

தாமோதரன் அண்ணனின் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

16 ஜூன்

நகரசபைக் கூடத்தில் எழுந்து நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன், நான் பிடித்ததையும் சேர்த்து.

"நீங்க ஏன் தடுக்கல?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"எனக்கு வேலை வேணும்னு இருந்துச்சு சார்."

லவினா முன்வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

18 ஜூன்

குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எங்களோடு ஆடிய ஷோபா தனியாக ஒரு மெசேஜ் போட்டிருக்கிறாள்: "உன் வேலைய ராஜினாமா பண்ணிட்டு அப்புறம் பேசு." சரிதானே அவ கேக்கறது? நான் மட்டும் எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டு, இப்ப வந்து உண்மை பேசினா ஆச்சா? இன்னா பதில் எழுதுவேன் அவளுக்கு?

27 ஜூன்

நகரசபை முடிவுப்படி இன்று சிலையை எடுத்தார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருப்பது ஒளிவதுபோல இருந்தது. முகத்தில் சாக்கைச் சுற்றி, இடுப்பில் பெல்ட் போட்டுக் கிரேனில் தூக்கினார்கள். சிலர் கைதட்டினார்கள். சிலர் திட்டினார்கள். சரோஜம்மா குடையோடு ஓரமாக நின்றிருந்தார். கிரேன்காரரிடம் ஒரே வார்த்தைதான்: "மெதுவா எறக்குப்பா."

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவுதான்.

6 ஜூலை, ஞாயிறு

பங்காருபேட்டைக்குப் போனேன். லவினாவின் தம்பி பரத் கதவைத் திறந்தான். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மாஸ்டர் மேல இருக்கறதவிட உன் மேலதான்க்கா எனக்குக் கோவம் ஜாஸ்தி. அவரு பெரியவரு. நீ கேம்புல என் பக்கத்துப் படுக்கையில தூங்கினவ."

"தெரியும்."

"சிலைய எடுத்தா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். ஸ்டிக் புடிக்கக் கத்துக் குடுத்ததும் அந்தாளுதானே." காலைக் கையால் நகர்த்தி வைத்தபடி, "இப்ப எதுக்கு வந்த?"

"சொல்லத் தெரியல" என்றேன்.

"சரி, உக்காரு."

சாயங்கால ரயில்வரை உட்கார்ந்திருந்தேன்.

19 ஆகஸ்ட்

ஆபீசில் இருந்தபோது பரத் போன் செய்தான். லவினாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மயக்கம் தெளிந்ததும் எனக்குச் சொல்லச் சொன்னாளாம்.