ஈசானியம் தாழ்ந்த மனை

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை மதியம்

அன்பு மகள் ஈவ்லினுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில், அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? போய்விட்டது என்று பொய் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டது. மிளகு தட்டிப் போட்டுக் குடி. உன் தம்பி ஜெஃப்ரியின் மகளுக்கு வைகாசியில் புதுநன்மை, முதல் நற்கருணைக்குக் கவுன் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள், உன் தம்பி நடுவில் புகுந்து பேசுகிறான், சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிடுகிறது. அம்மா இப்போது தூங்குகிறாள். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது, அதனால் எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைக்காதே, எனக்குக் கோபம்.

கோட்டூர்புரத்து மனையைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ஜெஃப்ரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. உனக்குத் தெரிந்த கதைதான், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, அம்மா ஞாயிறு பூசைக்கு மட்டும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள், அவளுக்குத் தரையோடு ஒரு அறை வேண்டும் என்றுதான் மனை தேடவே கிளம்பினோம். சென்னையில் சரிவான மனை கிடைப்பது அதிசயம். தெருப் பக்கம் மேடு, பின்பக்கம் ஆற்றை நோக்கி ஐந்தடி இறக்கம். தரகர் கணேசமூர்த்தி, ஈசானிய மூலை தாழ்ந்த மனை சார், கோடியில் ஒருத்தருக்குத்தான் அமையும் என்றார். நாம் எந்தக் காலத்தில் வாஸ்து பார்த்தோம்? ஆனால் ஜெஃப்ரி போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நாலு மூலையும் சுற்றி வந்தான், ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை! நீயோ, எங்கள் ஹாலிஃபாக்ஸில் சரிவு என்றால் அடித்துக்கொண்டு வாங்குவார்கள், மேட்டுக்கு ஒரு வாசல் பள்ளத்துக்கு ஒரு வாசல் வைக்கலாம் என்று வரைபடமே போட்டு அனுப்பினாய். தெரு மட்டத்தில் கூடம், உன் அறை. சாய்தளத்தில் இறங்கினால் பள்ளத்தில் அம்மாவின் அறை, கதவைத் திறந்தால் தோட்டம். அம்மா அந்தக் காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நானும் அழகாக இருக்கிறது என்றேன். முப்பத்திரண்டு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன், பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும் என்பதை மறந்து தலையாட்டினேன். வெள்ளத்தைப் பற்றிக் கேட்கவும் கேட்டேன், இந்தத் தெருவுக்குள் வரவில்லை என்றார் தரகர், சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது, நம்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கத் தோன்றவில்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூட முகர்ந்து பார்ப்பவன் நான்.

போன சனிக்கிழமை அம்மா மனையைப் பார்த்தே தீருவேன் என்றாள், ஆட்டோவில் அழைத்துப் போனேன். மெதுவாகப் பள்ளம் வரை இறங்கி, கட்டில் இங்கே, ஜன்னல் அங்கே என்று கைத்தடியால் மண்ணில் கோடு போட்டாள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஷோயப் மதில் மேலே எட்டிப் பார்த்தார், மெக்கானிக், நல்ல மனுஷன். "இன்னா சார், கீழ போய் ரூம் கட்டப் போறீங்களா? நம்ம சுவத்துல கோடு கீது, வந்து பாருங்க. அன்னிக்கு ரெண்டு நாள் மொட்டை மாடில குந்திக்கினு இருந்தோம்" என்றார். போய்ப் பார்த்தேன். தெருப் பக்கத்துச் சுவரில் பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தின் பழுப்புக் கோடு, என் முழங்கால் உயரம்தான். முழங்கால்தானே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது, அது மேட்டில் முழங்கால்.

சரியாகப் பார்த்துவிடுவோம் என்று, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அந்தத் தண்ணீர் டியூப் ஷோயபிடம் இருந்தது, நிரப்பிக் கொண்டுவந்தோம். ஒரு முனையை அவர் கோட்டின்மேல் பிடித்துக்கொண்டு, குறையக் குறையச் செம்பால் தண்ணீர் ஊற்றினார். மறு முனையை நான் விரலால் அடைத்து இழுத்துக்கொண்டு போனேன், அம்மா, கொடுங்க நான் பிடிக்கிறேன் என்று வாங்கி மார்பளவில் பிடித்து விரலை எடுத்தாள். தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. இன்னும் மேலே தூக்கு ஆலிஸ் என்றேன். முகத்துக்கு நேரே தூக்கினாள், முகத்தில் கொட்டியது. கையை நீட்டி எவ்வளவு எட்டுமோ அவ்வளவு தூக்கினாள், அப்போதும் ரவிக்கைக் கைக்குள் வழிந்துகொண்டே இருந்தது. நான் வாங்கி என் தலைக்கு மேலே பிடித்த பிறகுதான் நின்றது. கட்டிலுக்குப் போட்ட கோட்டுக்குள் நனைந்து நின்றாள் உன் அம்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதோடு மனையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், ஈவிகிட்ட இதைச் சொல்லக் கூடாது, அவ ஆசையா வரைஞ்சது, மாதா மேல சத்தியம் பண்ணுங்க என்றாள். பண்ணினேன். இப்போது மீறுகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெஃப்ரி தூண் எழுப்பி மேலே கட்டலாம் என்கிறான், அப்படியென்றால் அம்மாவுக்கு மறுபடி படிதானே? அதற்கும், ஏறிக்கிறேன் என்கிறாள். அசோக் நகரில் ஜெஃப்ரி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கீழ்வீடு விலைக்கு வருகிறது, தெருவைவிட உயரம், வெள்ளத்தில் தண்ணீர் ஏறவில்லை, இந்த முறை நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டேன். இரண்டே அறை. உனக்கு அறை இல்லாத வீட்டைப் பார்க்கவே வரமாட்டேன் என்கிறாள். நேற்று நானும் கத்திவிட்டேன், பதினோரு வருஷமாக வராதவளுக்கு அறை எதற்கு என்று. சொல்லியிருக்கக் கூடாது. தண்ணி பத்து வருஷத்துக்கு ஒரு தடவதான் வருது, எம் பொண்ணுக்கு ஒரு அறை இருந்தா அவ ஒரு நாள் வருவா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

உன் வரைபடத்தில் தப்பு இல்லை, அது உங்கள் ஊருக்குச் சரி. அதை நினைத்து அழாதே. நான் கேட்பது வேறு. நீ இங்கே திரும்பி வந்து இருக்கப் போகிறாயா, இல்லையா? இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை, அந்த மரியாதையில்தான் உன் அம்மா பள்ளத்தில் இறங்கிக் கட்டில் போடப் பார்க்கிறாள். வருவாய் என்றால் நல்ல மேடாகப் பார்த்து, மூன்று அறையோடு, எத்தனை மாதம் ஆனாலும் தேடுவோம். வரமாட்டாய் என்றால் அதற்காக உன்னை யாரும் குறை சொல்ல மாட்டோம், நான் சொல்ல விடவும் மாட்டேன்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலையிலும் உடம்பிலும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் கூப்பிடு. எனக்கு வேண்டாம், ஜெஃப்ரிக்கும் வேண்டாம், அம்மாவுக்குக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடாதே என்று முதலில் சொல்லிவிட்டு, அவளிடம் உண்மையைச் சொல். இல்லை என்பதாக இருந்தாலும் உன் வாயால் சொல். அழுவாள். அழுது முடித்து அசோக் நகருக்கு வருவாள்.

உன் அப்பா,
அல்போன்ஸ்