உங்களைப் பேசமாட்டேன்

ஹில்ஸ்பரோ
6.5.2024

அன்புள்ள மதன்குமார் தம்பிக்கு,

நீங்கள் மங்கரேயில் இரவு வேலை முடிந்து வரும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து யாரோ ரொரன்ட் வழியாகத் திருட்டுப் படங்களை இறக்கி, ஊருலகத்துக்கெல்லாம் பகிர்கிறார்கள் என்று இன்டர்நெட் கம்பனி எனக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. யாரோ என்ன யாரோ, இருப்பது நானும், வாடகை அறையில் நீங்களும்தான்! மகன் கௌசிகன் வெலிங்டனில் இருந்தபடியே ரவுட்டரில் ரொரன்ட் முழுவதையும் தடுத்துவிட்டான். தாயைப் பார்க்க வர நேரமில்லை, இதற்கு மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. உங்களைப் பேசமாட்டேன். புட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இராசமலர்

ஹில்ஸ்பரோ
10.5.2024

அன்புள்ள ஆன்ட்டி,

தப்பு என்மேல்தான். சனிக்கிழமை நாம் சேர்ந்து பார்க்கிற படங்கள்தான் அவை. கம்பெனி உங்களைக் கேள்வி கேட்கும் என்று யோசிக்கவே இல்லை. தடுத்தது சரிதான். ஆனால் நீங்கள் அப்படி எழுதிய பிறகு இந்த வீட்டில் நடமாட மனசு வரவில்லை. ரானுயியில் ரூம் பார்த்துவிட்டேன். சாவி மேசைமேல் இருக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது உங்கள் சோபாவில்தான்.

மதன்

ரானுயி
18.8.2024

அன்புள்ள ஆன்ட்டி,

போன் பண்ணக் கூச்சமாக இருக்கிறது. இங்கே என்னோடு தங்கியிருக்கும் இராசநாயகம் அண்ணன் உங்கள் யாழ்ப்பாணம். நேற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "சூப்பர்வைசர் என்னைப் பேசிப்போட்டான்" என்றார். "பேசினா நல்லதுதானே அண்ணே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவது என்றால் திட்டுவது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திட்டமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி என்னோடு பேச்சே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். சரியான மடையன்.

திரும்ப வரட்டுமா ஆன்ட்டி? இன்டர்நெட்டே வேண்டாம்.

மதன்

வெலிங்டன்
2.9.2024

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் ஹில்ஸ்பரோ போய்ச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. தடுத்தது சரி என்று நீங்கள் எழுதியிருந்தாலும், படம் இறக்க முடியாத வீடு வேண்டாம் என்றுதான் போனீர்கள் என்று நினைத்து மனம் நொந்திருந்தேன். நானாவது ஒரு போன் எடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

நீங்கள் போனது தெரிந்ததும் கௌசிகன் ஓடி வந்தான். "அம்மா, இனி நீங்கள் தனிய இருக்கேலாது" என்றான். வீட்டை விற்று என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பகலில் ஆளில்லை. பின்னேரம் பேரப்பிள்ளைகள் வந்தாலும் எல்லாம் இங்கிலிஷ்தான்.

தனிய இல்லையடா, தம்பி இருக்கிறார் என்று அவனுக்குச் சொல்ல அன்றைக்கு நீங்கள் இருக்கவில்லை.

இராசமலர்