நனையாமலே போன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டது. தென்காசி தாண்டும்போதே முகத்தில் சாரல் அடிக்கிறது. நீ இல்லையே என்று தண்ணீர் ஒன்றும் கொஞ்சமாக விழவில்லை. ஐந்தருவியில் போன வருஷத்தைவிட நல்ல தண்ணீர். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

உன் பதினாறாம் நாளுக்குப் பாவூர்சத்திரத்தில் பிளெக்ஸ் வைத்தோம். உன்னைத் தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாப் போட்டோவையும் எடுத்தவனே நீதானே? கடைசியில் குற்றாலத்தில் யாரோ எடுத்த ஒன்றில் ஓரமாக நின்றிருந்தாய். தோளில் நாலு துண்டு, ஒரே கையில் மூன்று வாட்ச், சட்டைக் கழுத்தில் சித்தப்பாவின் கண்ணாடி, இரண்டு கையிலும் துணி திணித்த கட்டைப்பை. பிளெக்ஸ் கடைக்காரர் அத்தனையையும் அழித்துவிட்டுக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். கீழே, 'குடும்பத்துக்காகவே வாழ்ந்த எங்கள் தெய்வமே' என்று பெரிய எழுத்து. அதைப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரனைத் தெய்வமாக்கிவிட்டால் அப்புறம் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அப்படித்தானே?

வாரம் முழுக்க மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு டெம்போ ஓட்டுவாய். ஒரு ஞாயிறு கிடைத்தால் படுத்துத் தூங்க வேண்டியதுதானே? வேன் பிடித்து, நீயே ஓட்டி, எங்கள் எல்லோரையும் அருவிக்குக் கூட்டிப்போவாய். இறங்கியதும், "நீங்க போய் குளிச்சிட்டு வாங்க, நான் துணியப் பாத்துக்கிடுதேன்" என்பாய். குரங்கு தூக்கிக்கொண்டு போகும், யாராவது ஒருவர் நிற்கத்தான் வேண்டும். அந்த ஒருவர் ஏன் வருஷா வருஷம் நீயாகவே இருந்தாய்?

மதினிதான் இரண்டு மூன்று தடவை, "நீங்களும் ஒரு தடவ நனைஞ்சிட்டு வாங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். சித்தப்பா உன்னை 'நடமாடும் பீரோ' என்று கேலி செய்வார். நாங்கள் சிரிப்போம். நீயும் கூடவே சிரிப்பாய். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது. உன்மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம் அதுதான் அண்ணே. நீ ஒரே ஒரு நாள் எரிந்து விழுந்திருந்தால் நாங்கள் கொஞ்சமாவது மனுஷர்களாகியிருப்போம்.

போன வருஷம் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை குளித்துவிட்டுத் தலை துவட்டத் துண்டு கேட்டு உன்னிடம் வந்தேன். உன் முகம் வெளுத்திருந்தது. "ஏலே, இந்தப் பைய கொஞ்சம் பிடிலே. நெஞ்சு கரிக்குது, ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கிடுதேன்" என்றாய். நீ என்னிடம் எதையாவது கேட்டு எனக்கு நினைவில்லை. அதுதான் முதல் தடவை.

"கூட்டம் கொறஞ்சிருக்குண்ணே. இன்னொரு தடவ நின்னுட்டு வந்துருதேன்." இப்படிச் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது நீ படியில் உட்கார்ந்திருந்தாய். எல்லோருடைய துணியும் உன் மடியில் இருந்தது, ஒன்றுகூட நனையவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி அத்தன பரோட்டா தின்னா சும்மா இருக்குமா? கேஸுதான். ஒரு சோடா குடி" என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தவன் நான். நீ ஒரு ஏப்பம் விட்டாய், எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. நீயே வேனை ஓட்டி எங்களை வீட்டில் இறக்கினாய். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்தாய். மதினி போட்ட காபி ஆறிப்போய் அன்று முழுக்க அடுப்படியில் இருந்தது.

நான் அப்போதே பையை வாங்கியிருந்தால்? உன்னை உட்கார வைத்து முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால்? டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேனா, இல்லை நானும் சோடாதான் வாங்கியிருப்பேனா? தெரியவில்லை. இதை மதினியும் படிப்பார். படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போனோம். உன் மகள், "அப்பா இல்லன்னா அருவியும் இல்லயா சித்தப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டாள். அங்கே இறங்கியதும் அம்மா அந்தக் கட்டைப்பையை எடுத்து மதினியின் கையில் கொடுத்தாள்.

"நீ இங்கனயே நின்னு துணியப் பாத்துக்க தாயி. வருஷம் திரும்பல, நீ போயி தலைய நனைச்சா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

மதினி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நீ செத்த பிறகு உன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டோம் அண்ணே. ஒருத்தரைத் தின்றது போதாதென்று அடுத்தவரையும் நிறுத்தியாகிவிட்டது.

நான் போய்ப் பையைப் பிடுங்கினேன். "மதினி, நீங்க போயி குளிங்க."

"ஏலே, கூறு கெட்டவனே, அவளுக்கு இப்ப குளியல் ஒரு கேடா?" என்றாள் அம்மா.

"எவன் என்ன சொல்லுதான்னு நான் பாத்துக்கிடுதேன்மா. துணி கெடக்கட்டும், மொதல்ல அவங்க போகட்டும்."

சத்தம் பெரிதாக வந்துவிட்டது போல. பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உன் மகள் மதினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். அம்மா வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

நீ வழக்கமாக நிற்கும் தகரக் கொட்டகை ஓரத்தில், சாரல் படாத இடத்தில், பையோடு நின்றேன். அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் அருவி தெரியாது. சிப்ஸ் கடையும் கழிப்பறைச் சுவரும்தான் தெரியும். இத்தனை வருஷமும் நீ அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாயா?

மதினி வர வெகுநேரம் ஆனது. கண் சிவந்திருந்தது, அது தண்ணீராலா அழுகையாலா என்று நான் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க, தம்பி" என்றார். "இன்னைக்கு வேண்டாம் மதினி" என்றேன்.

அண்ணே, அடுத்த சீசனிலும் நான்தான் முதலில் பை பிடிப்பேன். ஆனால் உன்னை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன். கை வலித்தால் சத்தம் போட்டுச் சொல்வேன், அடுத்தவர் கையில் கொடுப்பேன், சித்தப்பாவையும் நிற்க வைப்பேன். உன் மகளை யாருக்கும் பீரோவாக நிற்க விட மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ கேட்ட அந்த ஒரே தடவையும் பையை வாங்காமல் ஓடிய
உன் தம்பி